உன் கட்டைவிரலை நான் பார்த்தேன்

அன்புள்ள மாணவிக்கு,

நீயும் விமானப் பயிற்றுநர் ஆகிவிட்டாய் என்று நேற்றுத்தான் கேள்விப்பட்டேன். இனி ‘நீங்கள்’ என்று எழுதுவதுதான் முறை. பழக்கம் விடவில்லை, பொறுத்துக்கொள். அன்று எங்கே பறந்தோம், ரேடியோவில் என்ன கேட்டார்கள், அதன்பின் நான் எத்தனை நாள் பறக்க முடியாமல் தரையில் இருந்தேன் என்பதெல்லாம் உனக்குத் தெரியும். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு அவை வேண்டியதில்லை.

உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. உன் கட்டைவிரலை நான் பார்த்தேன்.

மூன்றாவது திருப்பத்தை முடித்து இறக்கைகளைச் சமப்படுத்தியதும், இன்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலிலிருந்து வலது கையை எடுத்து, முழங்காலில் மடித்து வைத்திருந்த வரைபடத்தில், அனுமதியில்லாமல் நுழையக்கூடாத கட்டுப்பாட்டு வான்வெளியின் எல்லைக்கோட்டின் மேல் நகம் வெளுக்கும் அளவுக்குக் கட்டைவிரலை அழுத்தினாய். “சார், கோட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டோமோ?” என்றாய். “வரைபடம் அப்புறம், முதலில் உயரத்தைப் பிடி, இன்னொரு தடவை” என்றேன். பிறகு விசாரணையில், நீ பேசியது ஹெட்செட்டில் எனக்குக் கேட்டிருக்காது என்று நீயே பெருந்தன்மையாகச் சொன்னாய். கேட்டது.

45 டிகிரி சாய்வில் ஒவ்வொரு முறையும் 150 அடி இழந்துகொண்டிருந்தாய். அந்தச் சாய்வில் இறக்கை ஏறத்தாழ 1.4 மடங்கு எடையைத் தாங்க வேண்டும் என்பதும், கைப்பிடியைச் சற்றே பின்னுக்கு இழுக்காவிட்டால் மூக்கு தானாகக் கவிழும் என்பதும் உனக்கு மனப்பாடம், கைக்குத்தான் வரவில்லை. அந்தக் கையையும் உயரமானியின் முள்ளையும் தவிர உலகத்தில் வேறெதுவும் எனக்குத் தென்படவில்லை. வெளியே 20 நாட் காற்று, அதாவது மணிக்கு 20 கடல் மைல். சுற்றுகிற விமானம் ஒரே இடத்தில் சுற்றுவதாகத்தான் உள்ளிருப்பவருக்குத் தோன்றும், ஆனால் காற்று அந்த வட்டத்தையே தூக்கிக்கொண்டு போகும், 15 நிமிடத்தில் 5 கடல் மைல். இதைக் கரும்பலகையில் சங்கிலி வளையங்களாக வரைந்து காட்டியவனே நான்தான்.

1972 டிசம்பர் 29 அன்று ஃப்ளோரிடாவின் சதுப்புநிலத்தில் விழுந்த ஈஸ்டர்ன் 401 விமானத்தைப் பற்றியும் நான்தான் உங்களுக்குச் சொன்னேன். முன்சக்கரம் இறங்கிவிட்டதைக் காட்டும் விளக்கின் பல்ப் எரியவில்லை என்று விமானி அறை முழுவதும் அதிலேயே மூழ்கியிருக்க, தானியங்கி விமானியின் உயரப் பிடிப்பு விடுபட்டு, விமானம் 2,000 அடியிலிருந்து மெல்ல இறங்கியது. 101 பேர் இறந்தார்கள். எச்சரிக்கை ஒலித்தும் அவர்கள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. என் எச்சரிக்கையோ பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து என்னை ‘சார்’ என்று கூப்பிட்டது.

அறிக்கையில் “மாணவர் விமானத்தைச் செலுத்திக்கொண்டிருந்தபோது எல்லை மீறல் நிகழ்ந்தது” என்று எழுதினேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை, அதுதான் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அந்த அறிக்கையில் கையெழுத்திட்டவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் அதற்கு மேல் இங்கே எழுதுவது சரியாகாது. பொறுப்பு விமானி நான் என்பதை அன்றும் மறுக்கவில்லை என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். (மறுக்காமல் இருப்பதும் ஒப்புக்கொள்வதும் ஒன்றல்ல என்று நீ நினைப்பாய். நினைத்துக்கொள்.)

ஆனால் அதை ஏன் கேள்வியாகக் கேட்டாய்? “எல்லை வந்துவிட்டது, திரும்புகிறேன்” என்று சொல்லியிருந்தால் நான் நிமிர்ந்து பார்த்திருப்பேன். தெரிந்தே நான்காவது முறையும் ஏன் சாய்த்தாய்? எழுதிய கையோடு எனக்கே வெட்கமாகிறது. உன் பதிவேட்டில் அப்போது 22 மணி நேரப் பறப்புதான் இருந்தது, கேள்வி கேட்ட எல்லா மாணவரையும் “கையைக் கவனி” என்று அடக்கிய வாய் என்னுடையது. உனக்கு இயல்பிலேயே நல்ல கண் என்று ஒரு நாளாவது உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்வதற்குள் நீ வேறு பயிற்றுநரிடம் மாறிவிட்டாய், அதையும் என்னிடம் சொல்லாமல், பதிவேட்டை அலுவலகப் பையனிடம் கையெழுத்துக்குக் கொடுத்தனுப்பி. அது இன்னும் ஆறவில்லை.

அறிக்கையோடு சேர்க்கச் சொல்லி இன்று காலை ஒரு கூடுதல் வாக்குமூலம் அனுப்பியிருக்கிறேன். அதன் நகல் உனக்கு வரும். எல்லையைத் தொடுமுன் மாணவர் எச்சரித்தார், பயிற்றுநர் அதைக் கேட்டும் பொருட்படுத்தவில்லை என்று அதில் எழுதி, நீ சொன்ன வாக்கியத்தை மேற்கோளாகவும் போட்டிருக்கிறேன். நினைவிலிருந்து எழுதியது. ஏதாவது சொல் மாறியிருந்தால் திருத்தி அனுப்பு.