16 கேபி பேஜ்: உங்கள் ஆப்பில் எதைப் பார்க்க வேண்டும்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

எங்கள் பில் பிரிண்டர் லைப்ரரியின் புதிய பதிப்பு 16 கேபி பேஜுக்கு (பேஜ் என்பது நினைவகத்தைப் பிரித்துக் கையாளும் ஒரு துண்டு) ஏற்றபடி பில்டு செய்யப்பட்டுள்ளது. அதை மட்டும் மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். உங்கள் ஆப்பில் உள்ள ஒவ்வொரு 64-பிட் எஸ்ஓ கோப்பும் (சி, சி++ நிரலிலிருந்து பில்டு செய்த .so லைப்ரரி) இதில் தேற வேண்டும்.

ஆண்ட்ராய்டின் அடியில் இருப்பது லினக்ஸ் கெர்னல். நினைவகத்தை அது பேஜ் பேஜாகத்தான் கையாளும். வெகுகாலமாக ஒரு பேஜ் 4 கேபி. ஆண்ட்ராய்டு 15 முதல் 16 கேபியும் உண்டு. 1 எம்பிக்கு 256 பேஜ் என்பது 64 ஆகிவிடுவதால் முகவரி தேடும் வேலை குறைந்து ஆப் சீக்கிரம் திறக்கும். ரேம் சற்றுக் கூடுதலாகப் பிடிக்கும்.

சிக்கல் சி, சி++ பக்கம்தான். எஸ்ஓ கோப்பில் நிரல் ஒரு பகுதி, எழுதக்கூடிய தரவு இன்னொரு பகுதி. இரண்டுக்கும் அனுமதி வேறு என்பதால் ஒரே பேஜில் இருக்க முடியாது. 4096-இன் மடங்கில் தொடங்கும்படி அடுக்கிய கோப்பை 16384-இன் எல்லையில் பொருத்த முடியாமல், அதை நினைவகத்தில் ஏற்றும் லோடர் மறுத்துவிடும். ஆப் அந்த இடத்திலேயே கிராஷ் ஆகும். ஆண்ட்ராய்டு 16-இல் உள்ள இணக்கப் பயன்முறை சில ஆப்களை எச்சரிக்கை காட்டி ஓடவிடும். அதை நம்பி இருக்க வேண்டாம்.

முழுக்க கோட்லின், ஜாவா என்றாலும், சேர்த்திருக்கும் எஸ்டிகேக்குள் (பிறர் தரும் மென்பொருள் தொகுப்பு) எஸ்ஓ ஒளிந்திருக்கும். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில் ஏபிகே அனலைசரை (ஆப் கோப்பின் உள்ளே இருப்பதைக் காட்டும் கருவி) திறந்து லிப் ஃபோல்டரைப் பாருங்கள். அலைன்மென்ட் நெடுவரிசையில் எச்சரிக்கை தெரியும். உங்கள் சொந்த சி, சி++ நிரல் என்றால், அதை பில்டு செய்யும் கருவித்தொகுப்பான என்டிகேயின் ஆர்28 பதிப்புக்கு மாறி மீண்டும் பில்டு செய்தால் எஸ்ஓ அடுக்கு சரியாகிவிடும், பழையதில் கோப்பை இணைத்து உருவாக்கும் லிங்கருக்கு அதிகபட்ச பேஜ் அளவு 16384 என்று கொடுக்க வேண்டும். ஆப்பை பில்டு செய்யும் ஆண்ட்ராய்டு கிரேடில் பிளகின் 8.5.1-க்குக் குறையக் கூடாது.

பலர் தவறவிடுவது ஒன்று: நிரலில் 4096 என்று நேரடியாக எழுதிய இடங்கள். கோப்பு சரியாக லோடு ஆகும், பிறகு நினைவகத்தைக் கேட்டு வாங்கும் எம்மேப் அழைப்பில் உடையும். பேஜ் அளவை ஓடும்போது கெர்னலிடமே கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, 16 கேபி எமுலேட்டரில் ஒரு பில்லை முழுதாக அச்சிட்டுச் சோதியுங்கள். ஆண்ட்ராய்டு 15-ஐயும் அதற்கு மேலும் டார்கெட் செய்யும் ஆப்களுக்கு 2025 நவம்பர் 1 முதல் பிளே ஸ்டோர் 16 கேபி ஆதரவைக் கட்டாயமாக்கியிருக்கிறது. எங்கள் கோப்பில் எச்சரிக்கை வந்தால், கோப்பின் பெயரையும் லைப்ரரி பதிப்பு எண்ணையும் அனுப்புங்கள்.

நன்றி.