சிக்கோ பழைய படம் இல்லீங்க, அது இன்சூரன்ஸ் இருக்கறவங்க கதை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன இதழ்ல அமெரிக்க ஹெல்த் இன்சூரன்ஸப் பத்தி மைக்கேல் மூர் எடுத்த 'சிக்கோ' டாக்குமெண்டரி பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். நல்லாத்தான் எழுதியிருக்காரு, ஆனா கடைசில 2010ல ஒபாமாவோட ஹெல்த் இன்சூரன்ஸ் சட்டம் வந்துடுச்சு, அதனால 2007ல வந்த இந்தப் படத்த இனிமே பழைய ரெக்கார்டா தான் பார்க்கணும்ங்கற மாதிரி முடிச்சிருக்காரு பாருங்க, அத என்னால ஒத்துக்க முடியல. பொண்ணு தூங்கினதுக்கப்புறம் உக்காந்து படத்த மறுபடி முழுசா பார்த்துட்டுத்தான் இத எழுதறேன்.

படத்தோட ஆரம்பத்துலயே மூர் தெளிவா சொல்லிடறாரு. அமெரிக்காவுல கிட்டத்தட்ட 5 கோடி பேருக்கு இன்சூரன்ஸே இல்ல, ஆனா இந்தப் படம் அவங்களப் பத்தி இல்ல, இன்சூரன்ஸ் இருக்கற 25 கோடி பேரப் பத்தினதுன்னு. மரம் அறுக்கற மெஷின்ல ரெண்டு விரல் நுனி போனவர்கிட்ட நடுவிரல ஒட்ட 60,000 டாலர், மோதிர விரலுக்கு 12,000 டாலர்னு ஆஸ்பத்திரில சொல்றது, அவர் மோதிர விரல மட்டும் எடுத்துக்கிட்டது, இதத்தான் பார்த்தவங்க எல்லாரும் ஞாபகம் வச்சிருக்காங்க, உங்க கட்டுரையிலயும் அதுக்குத்தான் பாதி இடம். எனக்கும் அதப் பார்த்து வயிறு கலங்குச்சு. ஆனா அவருக்கு இன்சூரன்ஸ் இல்ல. படத்தோட மையம் அவருக்கு அப்புறம் வர்றவங்க.

அதுல ஒரு பொண்ணு, கார் விபத்துல மயக்கமானவங்கள ஆம்புலன்ஸ்ல கொண்டு போறாங்க, அந்த ஆம்புலன்ஸ் செலவ இன்சூரன்ஸ் கம்பெனி தர மாட்டேங்குது, ஏன்னா முன்கூட்டியே அனுமதி வாங்கலயாம். எப்ப வாங்கியிருக்கணும், கார்ல மயக்கம் தெளிஞ்சப்பவா, ஆம்புலன்ஸ்ல ஏறுறதுக்கு முன்னாடியான்னு அவங்களே கேக்கறாங்க. அந்த இடத்துல நான் படத்த நிறுத்திட்டேன்.

ஏன்னா எனக்கு நடந்ததும் அதேதான். 2015ல என் பொண்ணு பிறந்தா. ஆஸ்பத்திரி நெட்வொர்க்ல, அதாவது இன்சூரன்ஸ் கம்பெனி ஒப்பந்தம் போட்டு வச்சிருக்கற லிஸ்ட்ல இருக்கு, என் டாக்டரும் இருக்காங்க, எல்லாத்தையும் ஏழாவது மாசமே போன் பண்ணி கேட்டு நோட்டுல எழுதி வச்சிருந்தேன். வலி வந்து பதினோரு மணி நேரம் கழிச்சு முதுகுல ஊசி போட ஒரு மயக்க டாக்டர் வந்தாரு, பத்து நிமிஷம் இருந்திருப்பாரு, முகம் கூட ஞாபகம் இல்ல. பொண்ணுக்கு அஞ்சு வாரம் இருக்கும்போது ஒரு கவர் வந்துச்சு. மேலயே பெருசா 'இது பில் அல்ல'ன்னு போட்டிருந்துச்சு, அதனால நானும் நிம்மதியா ஃபைல்ல சொருகிட்டேன். அடுத்த மாசம் நிஜ பில் வந்துச்சு, 2,140 டாலர், அந்த டாக்டர் நெட்வொர்க்ல இல்லையாம். கைக்குழந்தைய தோள்ல போட்டுக்கிட்டு நாப்பது நிமிஷம் ஹோல்டுல நின்னேன், எடுத்த பொண்ணு ரொம்ப மரியாதையா பேசிச்சு, ஆனா வலியில துடிச்சவ வந்தவர்கிட்ட நீங்க நெட்வொர்க்ல இருக்கீங்களான்னு கேட்டிருக்கணுமான்னு நான் கேட்டதுக்கு அதுகிட்ட பதில் இல்ல. அப்பீல்னு ஒண்ணு இருக்குன்னே எனக்குத் தெரியாது. மாசா மாசம் பிரிச்சுக் கட்டி முடிச்சேன்.

ஒபாமா சட்டம் வந்து அஞ்சு வருஷம் கழிச்சு நடந்தது இது. அந்தச் சட்டத்த நான் குறை சொல்லல. ஏற்கனவே வியாதி இருக்குன்னு சொல்லி பாலிசி மறுக்கறது 2014லேர்ந்து நின்னுச்சே, படத்துல அப்படி மறுக்கப்படற வியாதி லிஸ்ட் ஸ்க்ரீன் பூரா ஓடிட்டே இருக்கும், அது நிஜமாவே பெரிய மாற்றம். எனக்கு நடந்த மாதிரி பில்ல தடுக்கற சட்டம் தனியா 2022 ஜனவரிலதான் அமலுக்கு வந்துச்சு. அதுலயும் ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் இருக்கு, ரோட்டுல போற ஆம்புலன்ஸ விட்டுட்டாங்க. படத்துல வர்ற அந்தப் பொண்ண ஏத்திட்டுப் போனது எந்த ஆம்புலன்ஸ்னு யோசிச்சுப் பாருங்க.

டாக்டர் லிண்டா பீனோ வர்ற இடத்தப் பத்தி கட்டுரையில ஒரு வரி கூட இல்லாதது எனக்கு வருத்தம். இன்சூரன்ஸ் கம்பெனிக்காக வேலை பார்த்தவங்க, ஒருத்தர் உயிர காப்பாத்தியிருக்கக்கூடிய ஆபரேஷன தான் மறுத்ததாவும் அதனால கம்பெனிக்கு அரை மில்லியன் டாலர் மிச்சமாச்சுன்னும் 1996ல நாடாளுமன்றக் கமிட்டி முன்னாடி அவங்களே சொன்னாங்க. நோயாளிக்குக் கொடுக்கற பணத்துக்கு அந்தத் தொழில்ல இருக்கற பேரே 'மெடிக்கல் லாஸ்', அதாவது நஷ்டம். வைத்தியம் பார்க்கறதயே நஷ்டம்னு கணக்குல எழுதற இடத்துல மறுப்பு லெட்டர் வராம என்ன வரும்?

படத்துல குறையே இல்லன்னு சொல்ல வரல. மத்த நாட்டு வைத்தியத்தோட ஒப்பிடும்போது, கனடாவிலயும் பிரிட்டன்லயும் ஆபரேஷனுக்கு மாசக்கணக்கா காத்திருக்கறாங்க, அத மூர் சரியா காட்டல, கியூபாவையும் ரொம்ப அழகாவே காட்டிட்டாரு. ஆனா 9/11 மீட்பு வேலைக்குப் போய் நுரையீரல் கெட்டுப்போன அந்தம்மா, ஊர்ல 120 டாலர் கொடுத்து வாங்கற இன்ஹேலர் கியூபாவுல அஞ்சு சென்ட்னு கேட்டதும் அழறாங்களே, அந்த அழுகைய யாரும் சொல்லிக் கொடுத்து வரவழைக்க முடியாது.

இப்பவும் நிலைமை என்னன்னா, ஹெல்த்கேர்.கவ்ங்கற அரசாங்க வெப்சைட்ல வாங்கற இன்சூரன்ஸ் பிளான்கள்ல 2023ல நெட்வொர்க்குக்குள்ள போன கிளைம்லயே கிட்டத்தட்ட அஞ்சுல ஒண்ணு மறுக்கப்பட்டிருக்கு, அதுல நூத்துக்கு ஒண்ணு கூட அப்பீலுக்குப் போகலன்னு கேஎஃப்எஃப்ங்கற சுகாதார ஆய்வு அமைப்பு கணக்கெடுத்திருக்கு. அந்த தொண்ணூத்தொன்பது பேர்ல ஒருத்திதான் நானும். போன வருஷம் என் வீட்டுக்காரரோட முதுகு ஸ்கேனுக்கு 'மருத்துவ ரீதியா அவசியம் இல்ல'ன்னு லெட்டர் வந்தப்போ அவரோட டாக்டரையே கம்பெனி டாக்டர்கிட்ட பேச வச்சோம், ஒன்பதே நாள்ல அனுமதி வந்துச்சு. அவசியம் இல்லாதது ஒன்பது நாள்ல எப்படி அவசியமாச்சு?

அதனால ஒரு வேண்டுகோள். அடுத்த இதழ்ல ரெண்டு பக்கம் ஒதுக்கி, இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பற இந்த மாதிரி லெட்டர எப்படிப் படிக்கறது, 180 நாளுக்குள்ள அப்பீல் போடலாம்ங்கறது, அதுவும் ஆகலன்னா கம்பெனிக்கு வெளிய இருக்கறவங்கள வச்சு மறுபரிசீலனை கேக்கலாம்ங்கறது, இதெல்லாம் நம்ம தமிழ்ல போடுங்க. மாதிரிக்கு வேணும்னா என்கிட்ட அந்த 2015 கவர் இன்னும் பத்திரமா இருக்கு, பேர் நம்பர மறைச்சு ஸ்கேன் பண்ணி அனுப்பறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வட கரோலினா