இலுப்பைக் கொட்டை காத்திருக்காது: கோயில்காட்டு நாற்றங்காலுக்கு ஒரு வேண்டுகோள்

அன்புள்ள ஊர்மக்களுக்கும், பிழைப்புக்காகச் சிங்கப்பூர், துபாய், திருப்பூர், சென்னை என்று போயிருக்கும் எங்கள் அண்ணன் தம்பி அக்கா தங்கைகளுக்கும் வணக்கம்.

சித்திரை பிறந்து ஒரு வாரம் ஆகிறது. ஐயனார் கோயில்காட்டில் இலுப்பைப்பூ உதிர்ந்துகொண்டிருக்கிறது. விடியற்காலையில் உள்ளே போனால் அந்தப் புளித்த இனிப்பு வாசம் நம்மை நிறுத்திவிடும். இந்தப் பூ காயாகிப் பழமாகிக் கொட்டை தரையில் விழும்போது ஆனி பிறந்திருக்கும். அதற்குள் நாற்றங்கால் ஒன்று எழுந்து தயாராக நிற்க வேண்டும். அதற்குத்தான் உங்களிடம் கை நீட்டுகிறோம்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல் நம்ம பக்கத்துத் தென்னையையும் பலாவையும் எப்படிப் புரட்டிப் போட்டது என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. தென்னைக்காவது நிவாரணம் என்று ஒன்று வந்தது. சாமிக்காட்டு மரங்களை எண்ணிப் பார்க்க யாரும் வரவில்லை. நாங்களே எண்ணினோம். புயலுக்கு முன்னால் 43 இலுப்பை நின்றது. இப்போது 11. பெரிய பாலை மரங்களில் மூன்று மிச்சம். விழுந்த இடமெல்லாம் வெயில் இறங்கி, அந்த வெயிலைப் பிடித்துக்கொண்டு சீமைக்கருவேல் ஏறிவிட்டது.

சோழமண்டலக் கடற்கரையை ஒட்டிய இந்த வகைக் காட்டை உலர் பசுமைமாறாக் காடு என்பார்கள். மழை குறைவு, கோடை நீளம், ஆனாலும் இலை உதிர்க்காமல் கரும்பச்சையாக நிற்கும் காடு. பாலை, வீரை, காயா, இலுப்பை, நாவல், வெப்பாலை எல்லாம் இதன் குடிகள். காயாம்பூ வண்ணன் என்று பெருமாளைப் பாடுகிறோமே, அந்த நீலப் பூ பூக்கும் காயா நம் காட்டு வடக்கு ஓரத்தில் இன்னும் நிற்கிறது, பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். இன்றைக்கு இந்தக் காடு மிஞ்சியிருப்பது பெரும்பாலும் ஐயனாரும் காளியும் காவல் இருக்கும் துண்டு நிலங்களில்தான்.

புயலுக்கு மறு ஆண்டு நாம் சும்மா இருக்கவில்லை. ஊர் வரி போட்டு ஒரு நாற்றுப் பண்ணையிலிருந்து 500 கன்று வாங்கி நட்டோம். வந்தது மகாகனி, தூங்குமூஞ்சி, பாதாம். பாலைக் கன்று கேட்டோம், இல்லை. வீரை என்றால் அந்தப் பேரே தெரியாது என்றார்கள். நட்டதில் பெரும்பகுதி முதல் கோடையிலேயே கருகிப்போனது, பிழைத்ததும் நம் காட்டுக்கு அந்நியமாகத்தான் நிற்கிறது.

அந்தக் கன்றுகள் ஏன் விலைக்குக் கிடைப்பதில்லை என்பதை நாங்களே பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். மூன்று ஆண்டுக்கு முன் ஆனியில் இலுப்பைக் கொட்டை இரண்டு சாக்கு பொறுக்கினோம். நெல் விதை, உளுந்து விதை பார்த்த கை நமக்கு. அதே முறையில் மொட்டைமாடியில் நாலு நாள் வெயில் காட்டி, சாக்கில் கட்டிப் பரணில் ஏற்றினோம். ஐப்பசி மழை விழுந்ததும் இறக்கி 1,100 கொட்டை விதைத்தோம். ஒன்பது முளைத்தது. மற்றதை உடைத்துப் பார்த்தால் உள்ளே பருப்பு சுருங்கி, பழுப்பேறி, சிக்கு நாற்றம். விதை போட்டோம் என்று நினைத்தோம், செக்குக்குப் போக வேண்டிய கொட்டையை மண்ணில் புதைத்திருக்கிறோம்.

நெல்லும் உளுந்தும் காயக் காய ஆயுள் கூடும். அவை உறங்கும் விதைகள். ஈரம் ஒரு விழுக்காடு குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும், வெப்பம் ஐந்து டிகிரி குறைந்தால் இன்னொரு மடங்கு என்று ஹாரிங்டன் என்ற விதை அறிஞர் ஒரு கைக்கணக்கே சொல்லிவிட்டுப் போனார். இலுப்பையும் நாவலும் உறங்குவதில்லை. மரத்திலிருந்து விழும்போதே உள்ளே ஈரமும் மூச்சுமாக, முளைக்கத் தயாராக விழுகின்றன. உலர்த்தினால் செத்துவிடும். உறைய வைத்தால் உள்ளே இருக்கும் நீர் பனிக்கட்டியாகி உயிரணுவைக் கிழித்துவிடும். கரையோர வெக்கையில் வளர்ந்தவை என்பதால் வீட்டு ஃபிரிட்ஜின் குளிரைக்கூட இவற்றில் பல தாங்குவதில்லை. 1973-ல் ராபர்ட்ஸ் என்ற அறிஞர்தான் விதைகளை இப்படி இரண்டு சாதியாகப் பிரித்துப் பேர் வைத்தார். நம் பாட்டிமார் பேர் வைக்காமலே தெரிந்துவைத்திருந்தார்கள்: நாவல் கொட்டையைத் தின்ற இடத்திலேயே ஊன்றச் சொல்வார்கள்.

சிங்கப்பூரிலிருந்து ஒரு தம்பி கேட்டார்: “பெரிய ஃப்ரீசர் ஒண்ணு வாங்கிப் போட்டா பத்து வருசத்துக்குக் கவலை இல்லையேண்ணே? நார்வேயில அப்படித்தானே வச்சிருக்காங்க?” நல்ல கேள்வி. 2008-ல் திறந்த அந்த ஸ்வால்பார்டு பெட்டகத்தில் மைனஸ் 18 டிகிரியில் உலகத்துப் பயிர் விதைகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. ஆனால் இலுப்பைக் கொட்டையை அங்கே கொண்டுபோய் வைத்தாலும் அது பிணம்தான். இஸ்ரேலில் மசாடா கோட்டையில் கிடைத்த ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழைய பேரீச்சங்கொட்டை ஒன்றை 2005-ல் ஊன்றி முளைக்க வைத்தார்கள். நம் இலுப்பைக்கு நாம் தரக்கூடிய தவணை இரண்டு மூன்று வாரம். ஈர மணலிலோ தென்னைநார்த் தூளிலோ புதைத்து, காற்றுப் புகும் பையில், நிழலில் வைத்தால் இன்னும் சில வாரம் இழுக்கலாம். அதற்குள் பைக்குள்ளேயே முளை விட ஆரம்பித்துவிடும். இந்த மரங்களுக்கு ஒரே கிடங்கு நாற்றங்கால்தான். விதையாக வைக்க முடியாததைக் கன்றாக வைக்க வேண்டும்.

போன ஆனியில் அப்படித்தான் செய்து பார்த்தோம். குழுவில் ஒருவர் வீட்டுக் கிணற்றடியில் சின்னதாக ஒரு பாத்தி. விடியுமுன் காட்டுக்குப் போனோம். மேலே பழந்தின்னி வௌவால்கள் சடசடவென்று அடித்துக்கொண்டு பழத்தைச் சப்பிக்கொண்டிருந்தன. கொட்டை மட்டும் பொத்து பொத்தென்று சருகில் விழுந்தது. எடுத்துப் பார்த்தால் எச்சில் ஈரத்தோடு, எண்ணெய் தேய்த்த மாதிரி பழுப்பு மினுமினுப்பு, ஒரு பக்கத்தில் வெளிறிய நீளத் தழும்பு. எறும்பு ஏறியதையும் ஓட்டை விழுந்ததையும் ஒதுக்கினோம். மிச்சத்தைத் தண்ணீரில் போட்டு மிதந்ததைத் தள்ளினோம். நாலாம் நாள் 200 கொட்டையைப் படுக்கைவாக்கில், விரல்கணு ஆழத்தில் ஊன்றினோம். மூன்று வாரத்தில் 171 முளைத்தது. பருப்பு இரண்டாகப் பிளந்து அந்தச் செம்பழுப்புக் குருத்து எட்டிப்பார்த்த அன்றைக்கு, இரண்டு ஆண்டாக எங்கள் மனதில் கிடந்த கனம் இறங்கியது.

அந்தக் கன்றுகள் இன்று நன்றாக இருக்கின்றன. ஒரு பாடமும் கற்றுத் தந்தன. இலுப்பை மேலே ஒரு சாண் வளருமுன் வேரைக் கீழே வெகுதூரம் இறக்கிவிடுகிறது. குட்டைப் பையில் வேர் அடியில் சுருண்டுகொண்டது. அப்படிச் சுருண்ட கன்று நட்ட பிறகு காற்றுக்கு நிற்காது, இன்னொரு கஜா வந்தால் முதலில் சாய்வது அதுதான். அதனால் இந்த முறை ஒரு அடி உயரப் பைதான் வாங்குவது என்று முடிவு. விலை கூடுதல், அதில் சிக்கனம் பார்க்க மாட்டோம்.

எல்லா விதையும் இலுப்பை மாதிரி அவசரக்காரி இல்லை. கொன்றை, உசில், வன்னி இவற்றின் விதையைக் காய வைத்து மூடி வைத்தால் ஆண்டுக்கணக்கில் இருக்கும். கீழே பணக் கணக்கில் ஒரு ஃபிரிட்ஜ் கேட்டிருப்பது இவற்றுக்காகத்தான். இவற்றில் சிக்கல் முளைக்க வைப்பதில். சரக்கொன்றை விதைக்கு ஓடு மாதிரி தோல், தண்ணீர் உள்ளே இறங்காது. பள்ளிப் பிள்ளைகளை உட்காரவைத்துச் சிமெண்டுத் தரையில் ஒவ்வொரு விதையின் ஓரத்தையும் லேசாகத் தேய்க்கச் சொன்னோம். இரவு ஊறப் போட்டால் காலையில் தேய்த்ததெல்லாம் உப்பி இருமடங்காகிவிடும், தேய்க்காதது கூழாங்கல்லாகவே கிடக்கும். கருவேல விதைக்கு ஆட்டுக் கிடையில் பொறுக்கியதே நல்லது என்று கீதாரிகள் சொல்வது இதனால்தான், ஆட்டின் வயிறே தோலை இளக்கிவிடும். வேம்பு இரண்டுங்கெட்டான். சதையைக் கழுவி நிழலில் உலர்த்தினால் சில வாரம் தாங்கும், வெயிலில் போட்டாலோ ஈரத்தோடு கட்டி வைத்தாலோ போய்விடும்.

காட்டுக்குள்ளிருந்து விதை எடுப்பதில் ஊருக்குள் ஒரு தயக்கம் இருந்தது, அது நியாயமானதுதான். ஐயனார் காட்டிலிருந்து ஒரு சுள்ளிகூட வெளியே போகக்கூடாது என்பது நம் கட்டு. அந்தக் கட்டு இல்லையென்றால் இந்தக் காடே இருந்திருக்காது. அதனால் போன வைகாசியில் புரவியெடுப்பு முடிந்த மறுநாள், பெரியவர்கள் முன்னிலையில் சாமியிடம் பூப்போட்டுப் பார்த்தோம். வெள்ளைப்பூ வந்தது. எடுத்த விதை அத்தனையும் கன்றாகத் திரும்ப இந்தக் காட்டுக்கே வரும், மிஞ்சினால் மட்டும் அக்கம்பக்கத்து ஊர்ச் சாமிக்காடுகளுக்குப் போகும், ஒரு கன்றும் விலைக்குப் போகாது என்று சொல்லித்தான் உத்தரவு வாங்கியிருக்கிறோம். அந்த வாக்கு குழுவைக் கட்டும்.

‘காடு தானாக வளராதா?’ என்றும் கேட்கிறார்கள். சுற்றிலும் காடு இருந்த காலத்தில் வளர்ந்தது. வௌவாலும் குயிலும் அடுத்த ஊர்த் தோப்பிலிருந்து விதை கொண்டுவந்தன. இப்போது மூன்று பக்கமும் தைலமரக் காடு, அதில் பறவை தின்னப் பழம் இல்லை. உள்ளே விழுகிற கொட்டையும் சீமைக்கருவேல் அடியில் முளைத்து வெளிச்சமில்லாமல் சாகிறது.

இனி பணக் கணக்கு. இருபதுக்கு முப்பது அடியில் இரும்புக்குழாய் நிறுத்தி நிழல்வலைக் குடில் போட 65,000 ரூபாய். ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டியும் தெளிப்புக் குழாயும் 18,000. உயரப் பை 6,000 எண்ணிக்கை, அதற்குச் செம்மண், மணல், எரு எல்லாம் சேர்த்து 36,000 ரூபாய். ஆடு மாடு புகாமல் வேலி 24,000. ஃபிரிட்ஜ் 16,000. காற்றுப்புகா டப்பாக்கள், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா, தராசு 6,000. எல்லாவற்றிலும் பெரிய செலவு ஆள் கூலி: காலை நேரம் மட்டும் வேலை பார்க்க நம் ஊர்ப் பெண்கள் இருவர், ஆளுக்கு மாதம் 6,000 வீதம் 15 மாதத்துக்கு 1,80,000. மொத்தம் 3,45,000 ரூபாய். திருவிழா மிச்சமும் ஊர் வரியும் சேர்ந்து கையில் 1,12,000 இருக்கிறது. வேண்டியது 2,33,000.

கூலியைக் குறைத்து ஊர்ப் பிள்ளைகளையே தண்ணீர் ஊற்றச் சொல்லலாமே என்று சிலர் சொன்னார்கள். பிள்ளைகள் ஒரு மாதம் ஊற்றுவார்கள், பரீட்சை வந்தால் நின்றுபோகும். ஆனியில் ஊன்றியது மறு ஆண்டு ஐப்பசி அடைமழையில்தான் நடுகிற உயரத்துக்கு வரும். அதற்கிடையில் ஒரு முழுக் கோடையைத் தாண்ட வேண்டும். ஒரு நாள் தண்ணீர் தவறினால் ஒரு வருச உழைப்பு வீண். இந்த வேலைக்குக் கூலி கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

மரம் நடப் பணம் தருகிறவர்கள் எப்போதும் இருக்கிறார்கள், நன்றி. நடுவிழாவுக்கு ஐப்பசியில் வரும் பணத்தால் இந்த ஆண்டு விதையைக் காப்பாற்ற முடியாது. இலுப்பை எல்லா வருசமும் ஒன்றுபோலக் காய்ப்பதில்லை, இந்தச் சித்திரையில் பூ நன்றாக இறங்கியிருக்கிறது. ஆகவே நீங்கள் தர நினைப்பதை வைகாசி முடிவதற்குள் தந்துவிடுங்கள். தொகை குறைந்தால் பையும் மண்ணும் கூலியும் முதலில், குடில் மூங்கிலும் கீற்றுமாக. ஃபிரிட்ஜ் கடைசியில்.

வங்கிக் கணக்கு விவரம் கோயில் வாசல் பலகையிலும் ரசீதுப் புத்தகத்தின் பின்னட்டையிலும் இருக்கிறது. குழுவில் இருவர் கையெழுத்து இல்லாமல் பணம் எடுக்க முடியாது. ஐந்து ரூபாய்க்கும் ரசீது உண்டு. வரவு செலவை ஆகஸ்ட் 15 கிராம சபையில் வாசிப்போம், வெளியூர்க்காரர்களுக்கு அதே தாளைப் படம் எடுத்து அனுப்புவோம். மரத்தில் பேர்ப்பலகை அடிக்க மாட்டோம். சாமிக்காட்டு மரத்தில் ஆணி இறங்கக்கூடாது. தந்தவர் பேர் எல்லாம் கோயில் கணக்குப் புத்தகத்தில் இருக்கும்.

பணம் முடியாதவர்கள் பொருளாகத் தரலாம். மக்கிய எரு ஒரு வண்டி, பழைய ஹார்லிக்ஸ் பாட்டில், மாத்திரை டப்பாவிலும் செருப்புப் பெட்டியிலும் வருகிற சின்னச் சிலிக்கா பொட்டலம், எதுவானாலும் எடுத்துக்கொள்வோம். பொட்டலத்தை எறியாமல் சேர்த்து வையுங்கள், கொன்றை விதை பாட்டிலுக்குள் அதுதான் காவல்.

ஆனி முதல் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குக் கொட்டை பொறுக்க ஆரம்பிக்கிறோம். குதிரைச் சிலைகளுக்குப் பக்கத்தில் கூடலாம். செருப்பை வாசலில் விட்டுவிடுங்கள், டார்ச்சை மேலே அடித்து வௌவாலை விரட்ட வேண்டாம். சாக்கு கொண்டுவராதீர்கள், சாக்குக்குள் கட்டினால் கொட்டை சூடேறி அவிந்துவிடும். வீட்டில் பனையோலைப் பெட்டி இருந்தால் அதை எடுத்துக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
கோயில்காட்டு நாற்றங்கால் குழுவினர்