ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போ, சேகர்

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லோரும் நலம். அக்காவுக்கு முழங்கால் வலி தேவலையா? பெரியவளுக்குக் கவுன்சலிங் முடிந்ததும் எந்தக் கல்லூரி என்று ஒரு வரி எழுது. அம்மா தினமும் கேட்கிறாள். வாத்தியார் வீட்டுத் திண்ணையை இடிக்கப்போகிறார்கள் என்று மணி சொன்னான். நிஜம்தானா?

இனி விஷயத்துக்கு வருகிறேன். உரக்கடை, மருந்துக்கடைக்காரர்களுக்கான படிப்பு ஒன்றில் சேர் என்று சொன்னேன். "இருபது வருஷமாக் கடை நடத்துறேன், இன்னும் என்னத்தைப் படிக்கிறது?" என்று போனில் கேட்டாய். அதற்குள் உன் கடைக்கு ஆள் வந்துவிட்டார். போனில் பேசினால் ஒவ்வொரு முறையும் இப்படித்தான் ஆகிறது, அதனால்தான் கடிதமாகவே எழுதுகிறேன். கல்லாவை மூடிவிட்டு நிதானமாகப் படி.

நான் சொன்ன படிப்பின் முழுப்பெயர் நீளமானது, எல்லோரும் தேசி (DAESI) என்றுதான் சொல்கிறார்கள். வேளாண் இடுபொருள், அதாவது விதை, உரம், பூச்சிமருந்து விற்பவர்களுக்கான ஒரு வருடப் பட்டயப் படிப்பு. ஐதராபாத்தில் உள்ள மேனேஜ் என்கிற தேசிய வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனம் 2003-இல் தொடங்கியது. பல்கலைக்கழகங்களின் வேளாண் அறிவியல் நிலையங்களும் கல்லூரிகளும் அந்தந்த ஊர்ப்பக்கத்தில் வகுப்பு எடுக்கின்றன. உனக்கு விசாரிக்க நீடாமங்கலம் நிலையம்தான் பக்கம். மொத்தம் 48 வாரம். அதில் 40 நாள் வகுப்பு, 8 நாள் வயலுக்கும் ஆராய்ச்சி நிலையத்துக்கும் நேரில் போவது. ஞாயிறு அல்லது ஊரில் கடை அடைக்கிற நாளில்தான் வகுப்பு வைப்பார்கள், அதனால் வியாபாரம் கெடாது. பத்தாம் வகுப்பு பாஸ், நடப்பில் இருக்கிற லைசென்ஸ், இரண்டும் இருந்தால் போதும். ஒரு அணிக்கு 40 பேர். கட்டணம் உண்டு, அரசுப் பங்கு கிடைக்கிற அணியில் சேர்ந்தால் அது குறையும்.

லைசென்ஸ் விஷயமும் இருக்கிறது. பூச்சிமருந்து விற்க வேளாண்மையோ வேதியியலோ தாவரவியலோ படித்திருக்க வேண்டும் என்று 2015-இல் விதி மாறியது. பட்டம் இல்லாத பழைய கடைக்காரர்களுக்குப் பூச்சிமருந்துக்கு 12 வாரச் சான்றிதழ் படிப்பும், உரத்துக்கு 15 நாள் படிப்பும் கொண்டுவந்தார்கள். அது இருந்தால் லைசென்ஸ் காப்பாற்றப்படும், அவ்வளவுதான். கவுண்டரில் நின்று நீ சொல்கிற பதில் மாற வேண்டுமானால் ஒரு வருடப் படிப்புதான் சரி.

அந்தப் பதில்தான் எனக்குக் கவலை. வயலில் ஒரு இலை பழுத்தால் முதலில் யாரிடம் வருகிறார்கள்? வேளாண் அலுவலரைத் தேடிப் போவதற்கு முன் இலையைப் பறித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உன்னிடம்தான் வருகிறார்கள். மருந்துச்சீட்டு எழுதுகிறவனும் நீ, மருந்தை எடுத்துக் கொடுக்கிறவனும் நீ.

"டேங்குக்கு எத்தனை மில்லி?" என்று தினமும் கேட்கிறார்களே, அதையே எடுத்துக்கொள். நெல்லில் தண்டுத்துளைப்பான் புழுவுக்கு குளோரான்ட்ரனிலிப்ரோல் 18.5 எஸ்சி என்கிற மருந்தைக் கொடுக்கிறாய். லேபிள் கணக்கு ஏக்கருக்கு 60 மில்லி, 200 லிட்டர் தண்ணீர். 16 லிட்டர் டேங்கில் அது பன்னிரண்டரை டேங்க், அதாவது டேங்குக்கு 5 மில்லிக்குச் சற்றுக் குறைவு. ஆனால் நம்ம ஆட்கள் ஏக்கருக்கு ஏழு டேங்கோடு கைத்தெளிப்பானை இறக்கிவிடுகிறார்கள். அவருக்கு நீ "அஞ்சு மில்லி" என்றால் வயலில் விழுவது 35 மில்லி. பாதிக்குக் கொஞ்சம் மேல். புழு சாகாது, தப்பிய புழுவின் வம்சம் அந்த மருந்தைத் தாங்கப் பழகும். அடுத்த முறை மருந்து போலி என்று உன்னிடமே சண்டைக்கு வருவார். அதற்குப் பயந்து எல்லோருக்கும் "பத்து மில்லி ஊத்துங்க" என்று சொன்னாலோ, பன்னிரண்டு டேங்க் அடிக்கிறவர் வயலில் 120 மில்லி போகும். நேர் இரட்டிப்பு. ஆகவே மில்லியைச் சொல்வதற்கு முன், "ஏக்கருக்கு எத்தனை டேங்க் அடிப்பீங்க?" என்று நீ கேட்க வேண்டும். ஏழு என்றால் எட்டரை மில்லி. கூடவே, ஏழு டேங்கில் பயிர் சரியாக நனையாது, பத்துக்கு மேல் அடியுங்கள் என்றும் சொல்ல வேண்டும். வகுப்பில் இந்தக் கணக்கைப் போட்டுப் பழக்குவார்கள். பிறகு தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாய்.

அடுத்தது மிளகாய். படுகைக்காரர்கள் சுருண்ட இலையோடு வந்தால் உன் கடைப்பையன் முருகன் எந்தச் சுருட்டைக்கும் ஒரே பாட்டிலைத்தான் எடுக்கிறான். இலை மேல்பக்கமாகச் சுருண்டு படகு மாதிரி நின்றால் இலைப்பேன். கீழ்ப்பக்கமாகக் கவிழ்ந்து, காம்பு நீண்டு, இலை சிறுத்திருந்தால் சிலந்தி. வலை பின்னுகிற சிலந்தி இல்லை, செடியின் சாற்றை உறிஞ்சுகிற பொடிச் சிலந்தி. கொழுந்தை ஒரு வெள்ளைத் தாளின் மேல் தட்டச் சொல். இலைப்பேன் என்றால் வைக்கோல் நிறத்தில் மெல்லிய கோடுகளாக விழுந்து ஓடும். சிலந்தி வெறும் கண்ணுக்குத் தெரியாது, இலையின் அடியில் பத்து மடங்கு லென்ஸ் வைத்தால்தான் பளபளவென்று நகர்வது தெரியும். இமிடாகுளோப்ரிட் என்கிற பூச்சிமருந்து இந்தச் சிலந்தியைத் தொடாது. ஸ்பைரோமெசிபென், புரோபர்கைட் மாதிரி சிலந்திக்கென்றே உள்ள மருந்துதான் வேண்டும். ஒரு லென்ஸ் வாங்கிக் கல்லாப்பெட்டி மேல் கட்டித் தொங்கவிடு. எத்தனை பேருடைய காசு மிச்சமாகும்!

நெல்லில் துத்தநாகக் குறையை நோய் என்று நினைத்துப் பூஞ்சாணக்கொல்லி கொடுப்பது நம் பக்கத்தில் சர்வ சாதாரணம். நட்ட இரண்டு மூன்று வாரத்தில், தண்ணீர் தேங்கும் வயலில், திட்டுத்திட்டாகப் பயிர் குட்டையாகி, இளம் இலையின் நடுநரம்பு அடியில் வெளுத்து, கீழ் இலைகளில் துருப் புள்ளி பரவும். குலைநோய்ப் புள்ளி அப்படி இருக்காது. அது கண் வடிவத்தில், நடுவில் சாம்பல் நிறமாக, ஓரம் பழுப்பாக இருக்கும். துத்தநாகக் குறைக்கு 200 லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ சிங்க் சல்பேட்டும் இரண்டு கிலோ யூரியாவும் கரைத்துத் தெளித்தால் பயிர் தேறும். அடுத்த பட்டத்தில் நடவுக்கு முன் ஏக்கருக்கு 10 கிலோ சிங்க் சல்பேட்டை 20 கிலோ மணலில் கலந்து தூவச் சொல். டிஏபி உரத்தோடு சேர்த்துக் கலக்கக் கூடாது. அதில் உள்ள மணிச்சத்தோடு சேர்ந்து துத்தநாகம் கரையாத உப்பாக மாறி, பயிருக்கு இரண்டுமே சரியாகக் கிடைக்காமல் போகும். அந்த இரண்டு மூட்டையையும் ஒன்றாகத்தான் வண்டியில் ஏற்றுகிறோம். ஏற்றும்போதே இதைச் சொல்லி அனுப்பு.

தண்டுத்துளைப்பான் தாக்கி வெண்கதிர் வந்த பிறகு மருந்து கேட்டு வருகிறவர் விஷயம் இன்னும் சங்கடம். வெளுத்த கதிர் மீளவே மீளாது. விற்காமல் திருப்பி அனுப்பத் துணிச்சல் வேண்டும். விஷயம் உறுதியாகத் தெரிந்தால்தான் அந்தத் துணிச்சல் வரும். நெல் தூரில் சாறு உறிஞ்சுகிற புகையான் பூச்சிக்கு சிந்தெடிக் பைரித்ராய்டு வகை மருந்து கேட்டாலும் அப்படித்தான், கொடுக்காதே. அது புகையானைப் பிடித்துத் தின்கிற சிலந்திகளையும் மற்ற நன்மை செய்யும் பூச்சிகளையும் கொன்று புகையானைப் பெருக்கிவிடும். தண்ணீரை வடித்து, தூரின் அடியில் படும்படி தெளிக்க வேண்டும். மேலாக இலையில் அடித்தால் வீண்.

மருந்தை மாற்றி மாற்றிக் கொடுக்கிறேன் என்று நீ பெருமையாகச் சொன்னாயே, பாட்டிலின் பெயரைப் பார்க்காதே, மருந்து பூச்சியைத் தாக்குகிற விதத்தை வைத்துக் கொடுத்த குழு எண்ணைப் பார். குளோரான்ட்ரனிலிப்ரோல், சையான்ட்ரனிலிப்ரோல், புளூபெண்டியமைடு மூன்றும் 28-ஆம் குழு. மூன்று பெயர், மூன்று அட்டைப்பெட்டி, பூச்சிக்கு ஒரே அடி.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். எல்லா வகுப்பும் நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொள்ளாதே. சில நாள் காலையிலிருந்து சாயங்காலம் வரை திரையைக் காட்டியே ஓட்டிவிடுவார்கள். வயல் பயணத்தைச் சுற்றுலா ஆக்குகிறவர்களும் உண்டு. கையெழுத்துப் போடக் கடைப்பையனை அனுப்புகிற முதலாளிகளும் உண்டு. நீ அப்படிச் செய்யாதே. ஒவ்வொரு வாரமும் கடைக்கு வந்த இலை, தூர், பூச்சி எல்லாவற்றையும் செய்தித்தாளில் மடித்து, ஊர், தேதி, பயிரின் வயது எழுதி எடுத்துப் போ. பூச்சியைப் பழைய மாத்திரைக் குப்பியில் போட்டுக்கொள். அந்த மாதம் எந்த மருந்து அதிகம் விற்றது என்று பில் புத்தகத்திலிருந்து குறித்துக்கொண்டு, "இதை இதுக்குக் கொடுத்தேன், சரியா?" என்று கேள். அப்படிக் கேட்டால் பூச்சியியல்காரர் பாடத்தை மூடி வைத்துவிட்டு உன்னோடு உட்கார்ந்துவிடுவார். படிப்பு முடிந்தாலும் அந்தத் தொடர்பு விடாது. சந்தேகம் வந்தால் இலையைப் படம் எடுத்து அனுப்பலாம், மண்ணை அனுப்பிப் பரிசோதிக்கலாம். எனக்கு இந்தப் படிப்பில் பெரிதாகப் படுவது அதுதான்.

முருகனையும் விட்டுவிடாதே. நீ பேங்குக்குப் போகும் நேரத்தில் அவன்தான் கடை. பாட்டிலில் உள்ள முக்கோண நிறங்களை முதலில் அவனுக்குச் சொல்லிக்கொடு. சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. பச்சை என்றாலும் நஞ்சுதான். தெளிப்பான் முனையில் பூச்சிக்கொல்லிக்கும் பூஞ்சாணக்கொல்லிக்கும் கூம்பு நாசில், களைக்கொல்லிக்கு விசிறி நாசில். டூ ஃபோர் டி களைக்கொல்லி அடித்த தெளிப்பானைப் பருத்திப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. மிச்சம் மீதி ஒட்டியிருந்தாலே இலை வார் வாராகக் கிழிந்த மாதிரி வரும்.

இன்னொன்று. இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். இருட்டுகிற நேரத்தில் தனியாக வந்து, என்ன பயிர், எந்தப் பூச்சி என்று சொல்லத் தெரியாமல், "காரமான மருந்தாக் குடுங்க" என்கிற ஆளுக்கு விற்காதே. சரக்கு இல்லை என்று சொல். உட்காரவைத்து டீ சொல்லு, பேச்சுக் கொடு, தெரிந்தவர் யாருக்காவது போன் போட்டு வரவழை. முருகனிடமும் இதைக் கண்டிப்பாகச் சொல்லிவை. தெளிக்கும்போது மயங்கி விழுந்தவரைப் பற்றி யாராவது ஓடி வந்தாலும், பால் கொடு, உப்புத்தண்ணீர் கொடு என்று சொல்லாதே. மருந்து பட்ட சட்டையைக் கழற்றி, சோப்புப் போட்டு உடம்பைக் கழுவி, 108-ஐக் கூப்பிட்டு, பாட்டிலையும் கையோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகச் சொல். எந்த மருந்து, எதற்கு எந்த முறிவு என்று லேபிளில் இருக்கிறது, டாக்டருக்கு அதுதான் வேண்டும்.

லைசென்ஸ் நகல், பத்தாவது மார்க் ஷீட், ஆதார் நகல், இரண்டு போட்டோ எடுத்து ஒரு கவரில் வை. வேளாண் இணை இயக்குநர் அலுவலகத்தில் அட்மா என்கிற வேளாண் தொழில்நுட்ப மேலாண்மை முகமைப் பிரிவிலும், நீடாமங்கலத்திலும் அடுத்த அணி எப்போது என்று கேள். நாற்பது பேர் சேர்ந்தால்தான் தொடங்குவார்கள், அதனால் பஜாரில் உள்ள மற்ற கடைக்காரர்களையும் கூட்டிப் போ. எதிர்க்கடை ரவியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், பழைய கணக்கெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கேட்டுவிட்டு எனக்கு எழுது. கட்டணத்தில் கை கடித்தால் அதையும் கூச்சப்படாமல் எழுது.

அன்புடன்,
உன் பாலு