பேட்டரி லைட் வாங்குமுன்: மகனுக்கு

உ
சிவமயம்

காரைக்குடி

அன்புள்ள தம்பிக்கு,

ஆத்தா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். உன் நலம், பிள்ளைகள் நலம் அறிய ஆவல்.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கும்போது கொண்டுபோக என்று நீ அனுப்பிய மூன்று டார்ச் படங்களையும் பார்த்தேன். "எது வாங்கட்டும், ஒரு வரியில் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறாய். பிசிக்ஸ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவளிடம் ஒரு வரிப் பதில் எப்படிக் கிடைக்கும்? போனில் தட்டி மாளாது என்று காகிதத்தில் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். பொறுமையாகப் படி.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் இருப்பதை வாங்கு. ஒற்றைப் பென்சில் செல் போடுகிற, கட்டைவிரலை விடக் கொஞ்சம் பருமனான அதைத்தான். ஆனால் பணம் கட்டுமுன் ஒன்றைப் பார்த்துக்கொள். அதன் மிகக் குறைந்த வெளிச்சம் எவ்வளவு, அது முதல் அழுத்தலிலேயே வருமா? கடைக்காரர்கள் எல்லோரும் உச்ச எண்ணைத்தான் பெரிதாக அச்சடிக்கிறார்கள். குறைந்த எண்ணைச் சின்ன எழுத்தில் போடுகிறார்கள், சிலர் போடுவதே இல்லை. நமக்கு வேண்டியது அந்தச் சின்ன எழுத்து.

நீ ஆசைப்படுவது முதலாவது மேல் என்று தெரிகிறது. 3000 லூமன் என்று கொட்டை எழுத்தில் இருக்கிறதே. லூமன் என்பது டார்ச் தருகிற மொத்த வெளிச்சத்தின் அளவு. அந்த 3000 எவ்வளவு நேரம் நிற்கும் என்று பார்த்தாயா? டார்ச்சுகளை அளக்க ஏஎன்எஸ்ஐ எஃப்எல்1 என்று ஒரு தரமுறை இருக்கிறது. அதன்படி, சுவிட்சு போட்டு 30 வினாடியிலிருந்து 2 நிமிடத்துக்குள் அளந்ததைத்தான் அட்டையில் போடலாம். அதற்கப்புறம் உடம்பு சூடேறி, டார்ச் தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். உள்ளங்கைக்குள் அடங்குகிற அலுமினியக் குழாய் அவ்வளவு சூட்டை வேறு எங்கே தள்ளும்? "எரியும் நேரம்" என்று போட்டிருப்பதும் இப்படித்தான். முதலில் இருந்த வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்காகக் குறைகிற வரை உள்ள நேரம் அது. 3000-இல் தொடங்கி 300-க்கு வந்த பிறகும் அட்டைக் கணக்கில் அது எரிந்துகொண்டுதான் இருக்கும்.

நம் கண்ணும் கணக்கைக் கணக்காகப் பார்ப்பதில்லை. லூமன் நான்கு மடங்கானால் கண்ணுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்காகத்தான் தெரியும். தூரத்துக்கும் அதே கதை. ஒரே திசையில் பாய்கிற ஒளியின் வலிமையைக் கேண்டெலாவில் சொல்வார்கள். 200 மீட்டர் அடிக்க 10,000 கேண்டெலா போதும், 400 மீட்டர் வேண்டுமென்றால் 40,000 வேண்டும். அந்த "200 மீட்டர்" என்பதும் என்ன தெரியுமா? அவ்வளவு தூரத்தில் கால் லக்ஸ் (ஒரு பரப்பில் விழுகிற வெளிச்சத்தின் அளவு) வெளிச்சம் விழும், அதாவது முழு நிலவு வெளிச்சத்தை ஒட்டிய அளவு. பூசத்துக்கு நடக்கப் போகிறவனுக்கு அந்த அளவு முருகனே தந்துவிடுவான்.

தருவான், ஆனால் முதல் நாட்களில் இல்லை. இதை நீ யோசித்திருக்க மாட்டாய். பூசம் பௌர்ணமியை ஒட்டி வருகிறது, நாம் கிளம்புவது ஏறத்தாழ ஒரு வாரம் முன்னால். அப்போது வளர்பிறையில் பாதி நிலவு, நள்ளிரவை ஒட்டி அது மறைந்துவிடும். குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம் பக்கமெல்லாம் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து நடக்கும்போது மேலே நட்சத்திரம்தான். நிலவு ஒவ்வொரு நாளும் முக்கால் மணி, ஒரு மணி நேரம் தாமதமாக மறையும். திண்டுக்கல் தாண்டிய பிறகுதான் விடியும் வரை கூட வரும். அதனால் டார்ச் வேலை செய்ய வேண்டியது முதல் பாதி நடையில்.

அந்த வேலை என்ன என்பதைப் பார். காலடியில் இரண்டு மீட்டர், மூன்று மீட்டர். செருப்பில்லாத கால். தார் ஓரத்தில் சரளை, கண்ணாடித் துண்டு, சீமைக்கருவேல முள். இதற்கு 20, 30 லூமன் தாராளம். அப்புறம் தங்குகிற இடம். கூடம் முழுக்க ஆட்கள் படுத்திருப்பார்கள், நடுராத்திரியில் பாத்ரூம் போக எழுந்திருப்பாய். அப்போது ஒரு லூமனுக்கும் கீழே உள்ள வெளிச்சம் வேண்டும். நிலவொளி மோடு என்று போட்டிருப்பார்கள். அது இல்லாத டார்ச்சை அங்கே போட்டால் பத்து பேர் எழுந்து உட்காருவார்கள், உன் கண்ணும் கெட்டுப்போகும். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும், அதைக் கெடுக்க ஒரு விநாடி போதும். முதல் அழுத்தலில் மங்கல் வர வேண்டும் என்று நான் அடம் பிடிப்பது இதனால்தான். சில டார்ச்சுகள் கடைசியாக எந்த அளவில் அணைத்தாயோ அதிலேயே எரியும். அதுவும் சரி, ஆனால் எதில் அணைத்தோம் என்பது அரைத்தூக்கத்தில் யாருக்கு நினைவிருக்கும்?

எடை விஷயத்துக்கு வருகிறேன். சிங்கப்பூரில் நீ பேண்ட் போட்டுக்கொண்டு யோசிக்கிறாய். நடையில் வேட்டி. பாக்கெட் கிடையாது. டார்ச்சை இடுப்பு பெல்ட்டில் மாட்டுவாய், இல்லையென்றால் வேட்டி மடிப்பில் செருகுவாய். முதலாவது டார்ச் செல்லோடு சேர்ந்து நூறு கிராமுக்கு மேல் போகும். நாள் முழுக்க அது வேட்டியைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும், நீ அதைப் பைக்குள் போட்டுவிடுவாய், அப்புறம் வேண்டிய நேரத்தில் பை முதுகில் இருக்கும். பென்சில் செல் டார்ச் கிளிப்போடு மடிப்பில் நிற்கும். கிளிப் இறுக்கமாக இருக்கிறதா என்று பார். வெறும் அழுத்திச் செருகிய கிளிப்பை விடத் திருகாணி போட்டது நல்லது. கழுத்தில் கயிறு போட்டும் தொங்கவிடலாம்.

உன் தம்பி நெற்றி விளக்குதான் சரி என்கிறான். சமையல்காரருக்குச் சரி. நடக்கிறவனுக்கு நான் சொல்ல மாட்டேன். வெளிச்சம் கண்ணுக்குப் பக்கத்திலிருந்து கிளம்பினால் கல்லின் நிழல் கல்லுக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்ளும், தரை தட்டையாகத் தெரியும். இடுப்பளவில், சாய்த்துப் பிடித்துப் பார். சின்னச் சரளைக்கும் நிழல் நீளும், முள் எழுந்து நிற்கும். தை மாதப் பனி மூட்டத்திலும் அதே காரணம்தான். நெற்றியிலிருந்து போகிற வெளிச்சம் பனியில் பட்டு நேரே கண்ணுக்குத் திரும்பி வரும்.

அடுத்தது நிறம். இதில் உனக்குச் சலிப்பு வரும், எனக்கு இதுதான் பிடித்த பாடம். வெள்ளை எல்இடி உண்மையில் நீல எல்இடிதான், அதன் மேல் பாஸ்பர் என்கிற, நீலத்தை வாங்கி மஞ்சளாக ஒளிர்கிற பூச்சைப் பூசியிருப்பார்கள். அந்த நீலத்தைக் கண்டுபிடித்ததற்குத்தான் அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-இல் நோபல் கொடுத்தார்கள். மலிவான பூச்சில் சிவப்பு குறைவாக இருக்கும். அந்த வெளிச்சத்தில் நம் செம்மண்ணும் காய்ந்த சருகும் ஒரே சாம்பல் நிறம். சருகோடு சருகாகக் கிடக்கிற கண்ணாடி விரியனைப் பிரித்துக் காட்ட நிறம் வேண்டும், வெறும் வெளிச்சம் போதாது. நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கு நூறுக்குப் போடுகிற மார்க்தான் சிஆர்ஐ. பெட்டியில் சிஆர்ஐ 90 அல்லது அதற்கு மேல் என்று இருந்தால் வாங்கு. வெளிச்சத்தின் சாயலைக் கெல்வினில் சொல்வார்கள், எண் கூடக் கூட நீலம் கூடும். 4000-இலிருந்து 5000 கெல்வினுக்குள் இருந்தால் நல்லது. 6500 வேண்டாம், பிணவறை வெளிச்சம். சிஆர்ஐ கூடினால் லூமன் கொஞ்சம் குறையும், குறையட்டும்.

செல் பற்றி. ஒற்றைப் பென்சில் செல் என்றால் நத்தத்தில் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். இதுதான் நான் அதைத் தேர்ந்தெடுத்ததற்குப் பெரிய காரணம். ஆனால் அன்றாடம் போட வேண்டியது ரீசார்ஜ் ஆகிற நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல். சானியோ கம்பெனி 2005-இல் எனலூப் என்கிற செல்லைக் கொண்டுவந்த பிறகு அவை மாதக்கணக்கில் சும்மா கிடந்தாலும் சார்ஜை வைத்திருக்கின்றன. நான்கு செல்லும் ஒரு சார்ஜரும் வாங்கிக்கொள். அதே அளவில் 14500 என்று லித்தியம் செல்லும் விற்பார்கள். பார்க்க ஒன்று போலவே இருக்கும், ஆனால் வோல்டேஜ் இரண்டு மடங்குக்கு மேல். டார்ச் தாங்கும் என்று பெட்டியில் எழுதியிருந்தால் மட்டும் போடு, இல்லையென்றால் சர்க்யூட் போய்விடும். 18650 என்கிற பெரிய லித்தியம் செல்லில் 9900 எம்ஏஎச் (எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்கிற அளவு) என்று எழுதி விற்பதைப் பார்த்தால் அந்தக் கடையை விட்டே வெளியே வந்துவிடு. நல்ல செல்லே 3500-ஐ ஒட்டித்தான் இருக்கும்.

சாதாரண ஆல்கலைன் செல்லை டார்ச்சுக்குள் போட்டு வைத்துவிட்டுப் போகாதே. ஊர் வீட்டில் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய, மூன்று கட்டை செல் போடுகிற லைட்டை நீ பார்த்திருக்கிறாய். வீடு பூட்டியே கிடந்ததில் செல் கசிந்து, ஸ்பிரிங் பச்சை பூத்து, குழாயோடு ஒட்டிக்கொண்டது. ஐயா காலத்து லைட், தூக்கிப் போட மனசு வரவில்லை.

அந்த வீட்டுக்கும் இது வேண்டும். நடைக்கு முன்னால் நீயும் நானும் ஒருநாள் போய்த் திறந்து தூசி தட்ட வேண்டும். இரண்டாம் கட்டு சாமான் அறையில் பகலிலேயே ஒன்றும் தெரியாது, பரணில் பித்தளை அண்டாக்கள் அப்படியே இருக்கின்றன. அங்கே தூரம் அடிக்கிற டார்ச் உதவாது. எதிர்ச் சுவரில் ஒரு வட்டம் விழும், மற்றதெல்லாம் இருட்டு. பரவலான வெளிச்சம் வேண்டும். பின்பக்கம் தட்டையாக இருக்கிறதா என்றும் பார். கரண்ட் போனால் டார்ச்சைத் தரையில் நிமிர்த்தி வைத்துவிடலாம். முட்டைப் பூச்சுச் சுவருக்கு இன்னும் பளபளப்பு போகவில்லை, கூரையில் பட்ட வெளிச்சத்தை அறை முழுக்கத் திருப்பித் தரும்.

மூன்றாவதாக நீ அனுப்பிய சாவிக்கொத்து டார்ச் மோசமில்லை. தினமும் உன்னோடு இருக்கப் போவது எது என்று மட்டும் கேட்டால் அதுதான். ஆனால் செல்லை உள்ளேயே வைத்து மூடியிருக்கிறார்கள். செல் தேய்ந்தால் முழுசும் குப்பைக்கு. இந்த விலைக்கு அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பிள்ளைக்கு விளையாட வேண்டுமானால் வாங்கிக் கொடு.

மற்றவை சில்லறை விஷயங்கள். தண்ணீர் புகாமைக்கு ஐபிஎக்ஸ்7 என்கிற தரக்குறி இருந்தால் போதும், ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி தாங்கும். தொட்டியில் விழுந்தால் எடுத்துத் துடைத்துக்கொள்ளலாம். மங்கல் மோடில் போன் கேமராவைக் காட்டிப் பார், கோடு கோடாக ஓடினால் வெளிச்சம் துடிக்கிறது என்று அர்த்தம், அது கண்ணுக்கு வலி. யூஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஆகிற டார்ச் என்றால் உன் லேப்டாப் சார்ஜரில் போட்டுப் பார்த்துவிட்டு வாங்கு. சிலது பழைய அகல முனை கேபிளில் மட்டும்தான் ஏறும். மின்னி மின்னி எரிகிற மோடைச் சாலையில் போடவே போடாதே, எதிரே வருகிற லாரிக்காரருக்குக் கண் கூசும். பையின் பின்னால் ஒளி திருப்புகிற பட்டை ஒட்டிக்கொள், அது டார்ச்சை விட உயிர் காக்கும்.

விமானத்தில் உதிரி லித்தியம் செல் எதுவானாலும் கைப்பையில்தான் வர வேண்டும், செக்-இன் பெட்டியில் போடக் கூடாது. முனைகளுக்கு டேப் ஒட்டிக்கொள். டார்ச்சின் பின்மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தி வை, பைக்குள் தானாக எரியாது.

ஒன்றுக்கு இரண்டாக வாங்கு. பெரியப்பச்சி இந்த வருஷமும் காவடி எடுக்கிறார்கள். ஒரு கை காவடியில் இருக்கும், மறுகையால் பக்கவாட்டில் சுவிட்சைத் தேட முடியாது. அவர்களுக்குப் பின்னால் அழுத்துகிற சுவிட்சு உள்ளதாகப் பார், ஒரே மோடு இருந்தாலும் பரவாயில்லை. விலையைச் சொல்லாதே, சொன்னால் வாங்க மாட்டார்கள்.

இன்னொன்று. டிக்கெட் தேதியை நீ இன்னும் சொல்லவே இல்லை. பொங்கலுக்கு முன்னா பின்னா என்று தெரிந்தால்தான் திருச்சிக்குக் கார் சொல்ல முடியும். மருமகளைக் கேட்டு இன்றைக்கே எழுது.

இப்படிக்கு,
ஆத்தா