பெண்களைத் தடுப்பவர்கள் வாக்காளர்கள் அல்லர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசியல் தலைமையில் பெண்கள் ஏன் இவ்வளவு குறைவாக இருக்கிறார்கள் என்ற கேள்வி எழும்போதெல்லாம், "அவர்கள் முன்வருவதில்லை" என்றும் "மக்கள் அவர்களுக்கு வாக்களிப்பதில்லை" என்றும் இரண்டு பதில்கள் சொல்லப்படுகின்றன. இரண்டையும் என்னால் ஏற்க இயலவில்லை. பெரும்பாலான பெண்களின் அரசியல் பயணம், வாக்காளரைச் சந்திக்கும் முன்பே, கட்சிகள் வேட்பாளர்களை முடிவுசெய்யும் கூட்டத்திலேயே நின்றுவிடுகிறது. அக்கூட்டத்தில் யார் அமர்கிறார்கள், விருப்ப மனு அளித்தவர்களிடம் என்ன கேட்கிறார்கள், வெற்றி வாய்ப்புள்ள தொகுதிகளை யாருக்கு ஒதுக்குகிறார்கள் என்பவற்றைப் பற்றி நாம் போதிய அளவு பேசுவதில்லை.

வாக்குரிமை வந்துவிட்டால் தலைமையும் தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கையை வரலாறு பொய்யாக்கியிருக்கிறது. பெண்களுக்கு வாக்குரிமை வழங்குவதில் உலகுக்கே முன்னோடியான நியூசிலாந்து அதை 1893இல் அளித்தது. ஆனால் நாடாளுமன்றத் தேர்தலில் போட்டியிடும் உரிமை 1919இல்தான் கிடைத்தது. முதல் பெண் உறுப்பினர் அவைக்குள் நுழைந்ததோ 1933இல். இலங்கையில் சிறிமாவோ பண்டாரநாயக்க 1960இல் உலகின் முதல் பெண் பிரதமராகி அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்ட பின்னரும், உலக நாடாளுமன்றங்களில் பெண்களின் பங்கு ஏறத்தாழ 27 விழுக்காடாகவே இருக்கிறது.

இதற்குப் பின்னால் இருப்பது திறமைக் குறைவு அன்று, எதிர்பார்ப்பு. தலைவர் என்றால் உறுதியாகப் பேச வேண்டும், பெண் என்றால் பணிவாகப் பேச வேண்டும் என்று ஒரே சமூகம் இரண்டையும் கேட்கிறது; உறுதியாகப் பேசுகிற பெண்ணை 'திமிர் பிடித்தவர்' என்றும், பணிவாகப் பேசுகிறவரைத் 'தலைமைக்குப் போதாதவர்' என்றும் ஒதுக்கிவிடுகிறது. குடும்பத்தைப் பற்றிய கேள்வியும் அவ்வாறே பெண்களிடம் மட்டுமே கேட்கப்படுகிறது. 2017இல் நியூசிலாந்தில் ஜெசிந்தா ஆர்டன் தம் கட்சியின் தலைவரான சில மணி நேரத்திற்குள், குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் உண்டா என்று தொலைக்காட்சியில் அவரிடம் கேட்டார்கள். எந்த ஆண் தலைவரிடமாவது பொறுப்பேற்ற அன்று இப்படிக் கேட்டிருப்பார்களா? அவர் மறு ஆண்டே பிரதமர் பதவியில் இருந்தபடி குழந்தை பெற்றார். பாகிஸ்தானில் பெனாசிர் பூட்டோ 1990இலேயே அவ்வாறு பெற்றிருந்தார். தாய்மை ஆட்சிக்குத் தடை என்ற வாதம் அப்போதே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வேதனை தருகிறது. அவைகளின் விதிகளும் மிக மெதுவாகவே மாறுகின்றன: மகப்பேறு காரணமாக வர இயலாத உறுப்பினருக்காக வேறோர் உறுப்பினர் வாக்களிக்கும் முறையைப் பிரிட்டன் மக்களவை 2019இல்தான் சோதனை அளவில் தொடங்கியது.

பெண்களுக்கான இட ஒதுக்கீடு தகுதியைப் புறக்கணிக்கிறது என்று சொல்வோர் உண்டு. கட்சிகள் இதுவரை தகுதியை மட்டுமே பார்த்துத்தான் வேட்பாளர்களைத் தேர்ந்தெடுத்தன என்று அவர்களால் நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா? ஒதுக்கீட்டை ஏய்க்கும் வழிகளையும் கட்சிகள்தாம் கண்டுபிடித்தன. பிரான்சில் 2000ஆம் ஆண்டுச் சட்டம், வேட்பாளர்களில் ஆண் பெண் எண்ணிக்கை சமமாக இல்லாவிட்டால் கட்சிக்கான அரசு நிதியைக் குறைக்கும் என்றது. பெரிய கட்சிகள் பணத்தை இழக்க முன்வந்தனவே தவிரப் பெண்களைப் போதிய அளவில் நிறுத்தவில்லை. 2002 தேர்தலில் தேசிய அவைக்கு வந்த பெண்கள் 12 விழுக்காடுதான். மெக்சிகோவில் 2009இல் ஒதுக்கீட்டின்படி வென்ற பெண்கள் சிலர் அவை கூடியவுடன் விலகி, தாங்கள் விலகினால் இடத்தை ஏற்பதற்கெனத் தங்களுடன் நிறுத்தப்பட்டிருந்த ஆண் மாற்று உறுப்பினர்களுக்கு இடம் விட்டனர். பெண் வேட்பாளருக்கு மாற்றாகப் பெண்ணையே நிறுத்த வேண்டும் என்று பின்னர் தேர்தல் தீர்ப்பாயம் ஆணையிட வேண்டியிருந்தது. சட்டத்தின் ஒவ்வொரு வரியையும் இவ்வளவு கவனமாக எழுத வேண்டியிருப்பதே, தடை எங்கே இருக்கிறது என்பதற்குச் சான்று.

நன்கு செயல்பட்ட இடங்களில் ஒதுக்கீடு மனங்களையும் மாற்றியிருக்கிறது. மேற்கு வங்க ஊராட்சிகளில் நடந்த ஆய்வொன்று, தலைவர் பதவி இரண்டு முறை பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊர்களில், ஒதுக்கீடு நீங்கிய பிறகும் பெண்கள் கூடுதலாகப் போட்டியிட்டு வென்றதைக் கண்டறிந்தது. பெண்ணின் ஆட்சியை நேரில் பார்த்த வாக்காளர் அவளை ஏற்கத் தயங்கவில்லை.

தேர்தலுக்குத் தேர்தல் எத்தனை பெண்கள் வென்றார்கள் என்று தங்கள் இதழ் கணக்கிடுவதை வரவேற்கிறேன். அதனுடன், ஒவ்வொரு கட்சியிலும் எத்தனை பெண்கள் விருப்ப மனு அளித்தார்கள், எத்தனை பேருக்கு வாய்ப்பு தரப்பட்டது, அவற்றுள் கட்சி முன்பு வென்ற தொகுதிகள் எத்தனை, அமைச்சரவையில் நிதியும் உள்துறையும் யாருக்குப் போயின என்பவற்றையும் வெளியிட வேண்டுகிறேன். பெண் வேட்பாளரிடம் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று தங்கள் செய்தியாளர் கேட்பாரானால், அதே கேள்வியை அவரை எதிர்த்து நிற்கும் ஆண் வேட்பாளரிடமும் கேட்டு, இருவர் பதிலையும் ஒரே பக்கத்தில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி