லாரி நம்பரும் சாவு மேளமும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் ஆட்டிசம் பற்றி, அதாவது மற்றவரோடு பழகுவதிலும் சத்தம் போன்றவற்றை உணர்வதிலும் சின்ன வயதிலிருந்தே இருக்கும் மூளை வளர்ச்சி வித்தியாசம் பற்றி, வந்த கட்டுரையைப் படித்தேன். கட்டுரையில் குறை இல்லை, தலைப்போடுதான் எனக்குத் தகராறு. 'எல்லாருக்குள்ளும் கொஞ்சம் ஆட்டிசம்' என்று போட்டிருந்தீர்கள். தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் என் மகள் வாரத்துக்கு ஒருமுறையாவது கேட்கிற வார்த்தை இது. அவள் பையனுக்கு எட்டு வயது. ஆட்டிசம் என்று டாக்டர் சொல்லி நாலு வருஷம் ஆகிறது.

ஆட்டிசக் குணங்கள் ஒருவரிடம் எவ்வளவு என்று மார்க் போட்டுப் பார்க்கக் கட்டுரையில் சொல்லியிருந்த ஐம்பது கேள்விகளை, 2001இல் கேம்பிரிட்ஜில் உளவியலாளர் சைமன் பாரன்-கோஹன் குழு தயாரித்ததை, மகளைத் துணைக்கு வைத்துக்கொண்டு நானும் போட்டுப் பார்த்தேன். வண்டி நம்பர்களைக் கவனிப்பீர்களா என்று ஒரு கேள்வி. எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றால், நம்பரைக் கூட்டிப் பார்க்காமல் நான் தாண்டியதே இல்லை. மற்றவர் காதில் விழாத சின்னச் சத்தம் உங்களுக்குக் கேட்குமா என்று இன்னொன்று. முப்பத்து நாலு வருஷம் ரயில்வே பட்டறையில் இருந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது! ஐம்பதுக்கு 27 வந்தது. அந்தக் குழுவின் ஆய்வில் பொதுமக்களின் சராசரி 16 சொச்சம்தான். ஆட்டிசம் உள்ளவர்களில் 80 சதவீதம் பேர் 32 அல்லது அதற்கு மேல் எடுத்தார்கள், மற்றவர்களில் 2 சதவீதம் பேர்.

"இப்பத் தெரியுதா, எங்கேருந்து வந்ததுன்னு" என்று மகள் சிரித்தாள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் 788 ஜோடி இரட்டையரை வைத்துச் செய்த ஆய்வு 2003இல் வெளிவந்தது. இந்தக் குணங்களில் பெரும்பங்கு பரம்பரையாக வருவது, ஜனங்களிடம் கூடவும் குறையவும் படிப்படியாகப் பரவிக் கிடப்பது, நடுவே கோடு கிழிக்க இடமில்லை என்று அதில் தெரிந்தது.

சரி, கோடு இல்லாவிட்டால் வித்தியாசமும் இல்லை என்று ஆகிவிடுமா? தெருவில் சாவு மேளம் வந்தால் எனக்கும்தான் ஆகாது. ஜன்னலைச் சாத்திவிட்டுப் பேப்பரை எடுப்பேன். பேரன் கட்டிலுக்கு அடியில் புகுந்து தலையைச் சுவரில் இடித்துக்கொள்வான். ஊர்வலம் போய் ஒரு மணி நேரம் கழித்தும் அடங்கமாட்டான். அன்று ராத்திரி அவனுக்கும் அவன் அம்மாவுக்கும் சாப்பாடு கிடையாது. மறுநாள் காலையில் பக்கத்து வீட்டம்மா அன்பாகத்தான் சொல்வார், "நமக்கெல்லாம் இல்லையா, கொஞ்சம் கொஞ்சம் எல்லாருக்கும் இருக்கும்மா" என்று. பள்ளியில் சேர்க்கப் போனபோது இதையே அன்பில்லாமல் சொன்னார்கள்: "எல்லாப் பசங்களும் இப்படித்தான், கண்டிச்சு வளருங்க." தனிக் கவனிப்பு கேட்ட மனு அத்தோடு முடிந்தது. 2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று என்று எடுத்துச் சொல்ல, அப்போது எங்களுக்கே தெரியாது.

அடுத்த தடவை இந்தக் கேள்விகளைப் பற்றி எழுதினால், ஆட்டிசம் உண்டா இல்லையா என்று இதை வைத்துத் தீர்மானிக்க முடியாது என்பதைத் தலைப்புக்குக் கீழேயே பெரிய எழுத்தில் போடுங்கள். எங்கள் தெருவில் தலைப்பை மட்டும் படிக்கிறவர்கள்தான் அதிகம்.

ஓய்வுபெற்ற ரயில்வே தொழிலாளி,
தண்டையார்பேட்டை, சென்னை-81